திருகோணமலையில் கார் சேர்விஸ்: முகவர் பணிமனையா, ஊர்க் கராஜா?

கார் வாங்கியவர் முதல் மாதத்திலேயே நாலு பேரிடம் கேட்கும் கேள்வி, சேர்விஸை ஏஜென்டிடம், அதாவது கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற முகவரிடம், கொடுப்பதா, தெரிந்த கராஜில் கொடுப்பதா என்பதுதான். கொழும்பில் இருப்பவருக்கு இது பணத்தையும் நம்பிக்கையையும் எடைபோடும் கேள்வி. திருகோணமலையில் இருப்பவருக்கோ தூரமும் வந்து தராசில் ஏறிக்கொள்கிறது. டொயோட்டா முகவரின் தலைமைப் பணிமனை வத்தளையில் இருக்கிறது. ஏனைய பெரிய முகவர்களின் முழு வசதி கொண்ட பணிமனைகளும் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்தவையே. இங்கிருந்து கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர், போய்வர 520. சாதாரண ஒயில் ஊற்றி 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சேர்விஸ் செய்பவர், ஒரு சேர்விஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓடும் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்விஸுக்குப் போய்வருவதிலேயே ஓட்டித் தீர்த்துவிடுவார். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் கார் என்றாலும் 26 லீற்றர் பெற்றோல் வேண்டும். காலை எட்டு மணிக்குப் பணிமனை வாசலில் நிற்க வேண்டுமானால் விடியுமுன் மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் அந்த நேரத்தில் வீதியில் நிற்கும் யானைக்கு நம்முடைய முற்பதிவு நேரம் தெரியாது.

கண்டி, குருநாகல் போன்ற நகரங்களில் சில முகவர்களுக்குக் கிளைகள் உண்டு. ஆனால் கிளை என்றால் எல்லா வேலையும் அங்கு நடக்கும் என்று எண்ணிப் போகக்கூடாது. ஒயில் மாற்றுவது வேறு, ஹைபிரிட் பற்றரியைக் கழற்றுவது வேறு. போகுமுன் வேலையின் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் ‘சேர்விஸ்’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம்மூரில் அது மூன்று வேறு வேலைகளுக்குப் பொதுப் பெயர். சேர்விஸ் ஸ்டேஷனில் காரை உயர்த்தி, அடிப்பாகம் கழுவி, ஒயிலும் பில்டரும் மாற்றுவது ஒன்று. தேய்ந்ததையும் பழுதானதையும் கராஜில் கழற்றிப் பூட்டுவது இன்னொன்று. கணினியைக் கொழுவி, காரின் மின்னணு மூளையிடமே நோயைக் கேட்டறிவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘எங்கே கொடுப்பது’ என்று கேட்பதால்தான் பதில் குழம்புகிறது. என் பார்வையில் தீர்மானிக்க வேண்டியது இடத்தை அல்ல, வேலையை. ஒரே கார் ஒரே ஆண்டில் இரண்டு இடங்களுக்கும் போகலாம், போகத்தான் வேண்டும்.

முதலில் தயக்கமே தேவையில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகவரிடமிருந்து புத்தம் புதிதாக வாங்கிய கார் உத்தரவாதக் காலத்துக்குள் இருந்தால், தூரம் எவ்வளவானாலும் முகவரிடமே போக வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் மூன்று ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர் என்ற அளவில் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குறித்த இடைவெளியில் முகவரின் பணிமனையில் சேர்விஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உத்தரவாதப் புத்தகத்தில் இருக்கிறதா என்று வரிக்கு வரி வாசித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சிலர், வெளியே சேர்விஸ் செய்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது வெறும் பயமுறுத்தல் என்று ஆலோசனை சொல்வார்கள். அவர்கள் ஊரில் அது சரியாகவே இருக்கலாம். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பாகத்தையோ சேவையையோ காசு கொடுத்து வாங்கினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று கட்டாயப்படுத்துவதைத் தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி தனியார் கராஜ்களுக்கு ஆதரவாக நிற்கிறது. இந்தியாவில், உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனியார் கராஜ்களுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு அந்நாட்டுப் போட்டி ஆணைக்குழு 2014 ஓகஸ்டில் 2,500 கோடி இந்திய ரூபாவுக்கும் மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்குப் போயின. இவையெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டங்கள். இங்கே நம் உப்புவெளியில் நிற்கும் காருக்கு, அதை விற்றவர் கையொப்பமிட்டுத் தந்த தாள்தான் சட்டம்.

ஆனால் நம் மாவட்டத்தில் ஓடும் கார்களில் மிகப் பல புத்தம் புதியவை அல்ல. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டு ரீகண்டிஷன் என்ற பெயரில் வந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் விற்கவும் மனமில்லாமல், மாற்றவும் வழியில்லாமல் பழைய கார்களையே பேணிக்கொண்டு வந்தோம். இவற்றுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது. எனவே மேலே சொன்ன கட்டாயம் இவற்றுக்கு இல்லை. உண்மையான ஒப்பீடு இங்கேதான் தொடங்குகிறது.

சாதாரண ஒயில் சேர்விஸை எடுத்துக்கொள்வோம். ஒயில், ஒயில் பில்டர், காற்று பில்டர், பிரேக் பேட் பார்த்தல், சக்கரம் மாற்றிப் பூட்டுதல் ஆகிய இவற்றுக்காக 520 கிலோமீற்றர் ஓடுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. வேலை எளிது, பிழைக்க இடம் குறைவு. பிழைக்கும் இடம் ஒன்று உண்டு: எதை ஊற்றுகிறார்கள் என்பது. சிறிய ஜப்பானிய ஹைபிரிட் கார்கள் பலவற்றுக்கு 0W-20 போன்ற மெல்லிய ஒயிலே பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. லொறியும் டொல்பின் வேனும் பார்த்துப் பழகிய சில மூத்த மெக்கானிக்குகளுக்கு, தண்ணீர்போல் ஓடும் அந்த ஒயிலைக் கண்டால் மனம் ஒப்புவதில்லை. “இந்த வெயிலுக்கு இது தாங்காது தம்பி, நாப்பது போடுவம்” என்று தடித்த ஒயிலைச் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் காரின் கையேடு அவருடைய அனுபவத்துக்கும் மேலே நிற்க வேண்டும்.

என் மச்சானின் வெகன் ஆர் காருக்கு நடந்தது இதைவிடக் கெட்டது. அந்தக் காரின் சீவீடி கியர்ப்பெட்டிக்கென்று, அதாவது படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாக மாறும் கியர்ப்பெட்டிக்கென்று, தனி ஒயில் உண்டு. சாதாரண ஓட்டோ கியர் ஒயில் அதற்கு ஆகாது. வேலை செய்த இடத்தில் அன்றைக்கு இருந்ததை ஊற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் கார் நின்று புறப்படும்போதெல்லாம் உதறத் தொடங்கியது. ஒயிலை இரண்டு முறை வடித்து, சரியானதைக் கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் எடுப்பித்து ஊற்றிய பிறகு உதறல் குறைந்தது. முழுதாகப் போனது என்று சொல்வதற்கில்லை. முகவரின் பணிமனையில் இந்தத் தவறு நடப்பது மிக அரிது. அங்கே காரின் செசி இலக்கத்தைத் தட்டினால் எந்த ஒயில், எத்தனை லீற்றர் என்பது திரையில் வந்துவிடும். வேலை செய்பவரின் நினைவை நம்பி எதுவும் நடப்பதில்லை. ஊர்க் கராஜில் அந்தத் திரையின் வேலையை நாமே செய்ய வேண்டும். கையேட்டில் உள்ளதைக் குறித்துக்கொண்டு, ஒயிலையும் பில்டரையும் முகவரின் அங்கீகாரம் பெற்ற உதிரிப்பாகக் கடையில் நாமே வாங்கி, மூடியின் முத்திரையை நம் கண்முன் உடைக்கச் சொல்லி, வெற்றுப் போத்தலையும் வீட்டுக்கு எடுத்து வருவது என் வழக்கம். அசல் பெட்டியில் போலி பில்டர் விற்கும் காலம் இது. போத்தலை வாங்கி வருவது கராஜ்காரரைச் சந்தேகிப்பதுபோல் தோன்றலாம். நல்ல கராஜ்காரர் அதைப் பெரிதுபடுத்த மாட்டார், பெரிதுபடுத்தினால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஹைபிரிட் பற்றரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். திருகோணமலையில் இன்று அதிகப் பணம் வீணாவதும், அதிகப் பணம் மிச்சமாவதும் இந்த ஒரு வேலையில்தான். முதல் தலைமுறை அக்வா காரின் நிக்கல் பற்றரியில் 20 தொகுதிகளும், மூன்றாம் தலைமுறை ப்ரியஸில் 28 தொகுதிகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், ஆக அக்வாவில் 144, ப்ரியஸில் 201.6. நாம் ‘செல்’ என்று சொல்வது உண்மையில் ஆறு செல்கள் அடங்கிய இந்தத் தொகுதியைத்தான். ஒரு தொகுதி தளர்ந்தாலே எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது முகவர் சொல்வது முழுப் பற்றரியையும் மாற்றுவது. கராஜ் சொல்வது தளர்ந்த ‘செல்’லை மட்டும் மாற்றுவது. விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதால் பெரும்பாலானோர் இரண்டாவதற்கே தலையாட்டுகிறார்கள்.

அதில் பிழையில்லை, ஆனால் அதன் தன்மையை அறிந்து தலையாட்ட வேண்டும். பத்து ஆண்டு உழைத்த தொகுதிகளுக்கு நடுவே வேறு பற்றரியிலிருந்து கழற்றிய ஒன்றைச் செருகினால், அதன் கொள்ளளவு அண்டை அயலோடு ஒத்துப்போகாது. சில மாதங்களில் அடுத்த பலவீனமான தொகுதி விளக்கை எரிய வைக்கும். எல்லாத் தொகுதிகளையும் அளந்து, சுமை கொடுத்துச் சோதித்து, ஒத்தவற்றைச் சேர்க்கும் கராஜும் உண்டு. மல்டிமீற்றரை ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு மாற்றும் கராஜும் உண்டு. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எத்தனை மாதம் பொறுப்பேற்பீர்கள், அதை எழுதித் தருவீர்களா என்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். இன்னும் பல ஆண்டுகள் வைத்து ஓட்டப்போகும் காராக இருந்தால், என் கணக்கில் முழுப் பற்றரியாக மாற்றுவதே கடைசியில் மலிவு. விற்கும் எண்ணத்தில் இருப்பவர் செல் மாற்றுவதில் அவருக்கு லாபம் இருக்கலாம். வாங்குபவரின் பாவம் வேறு கணக்கு.

இதைத் தள்ளிப்போடவும் வழி உண்டு, அதற்கு முகவரும் வேண்டாம். பற்றரியைக் குளிர வைக்கும் விசிறி, பின் இருக்கையருகே உள்ள துளைவழியாகக் காருக்குள் இருக்கும் காற்றையே இழுக்கிறது. நிலாவெளிக் கரைக்குப் போய்வரும் நம் கார்களுக்குள் எவ்வளவு மணல் கிடக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில் புழுதி வேறு. அந்தத் துளையை மறைத்துப் பையோ துணியோ வைக்காமலிருப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை விசிறியைக் கழற்றித் துப்புரவு செய்விப்பதும் போதும். ஊர்க் கராஜில் அரை நாள் வேலை.

உள்ளூர் அறிவு என்பது இதுதான், இதில் ஊர்க் கராஜை மிஞ்ச முடியாது. கடலை ஒட்டிய வீதிகளில் நிற்கும் கார்களின் அடிப்பாகத்தை உவர்க்காற்று எப்படித் தின்னும், பிரேக் பேடை அழுத்தும் கலிப்பரின் ஊசிகள் எத்தனை மாதத்தில் இறுகும், எந்தக் குழாய் முதலில் துருவேறும் என்பதெல்லாம் இங்கே நாள்தோறும் பார்த்துப் பழகியவருக்கு மனப்பாடம். பிரேக் இறுகி ஒரு பக்கம் இழுத்த கார் ஒன்றுக்கு, வெளியூர் பணிமனை ஒன்றில் முழுக் கலிப்பரையும் மாற்றச் சொன்னார்கள். இங்கே ஊசிகளைக் கழற்றித் துருவை நீக்கி, உரிய கிரீஸ் பூசிப் பூட்டியதில் அது இரண்டு ஆண்டாக ஒழுங்காக ஓடுகிறது. பணிமனை பொய் சொல்லவில்லை. பழுதான பாகத்தை மாற்றுவதே அங்கு முறை, பிரித்துத் திருத்துவது அல்ல. கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் நம்மூர் அறிவில் சேராது. கரையோரக் கிணறுகளின் உவர்ப்பும் கடினத்தன்மையும் ரேடியேற்றருக்குள் படிவாகக் கட்டிக்கொள்ளும். இன்றும் சிலர் அதைச் செய்கிறார்கள், கையோடு தடுத்துவிடுங்கள்.

இன்னொன்று மொழி. காரின் நோயை நாம் சொல்வது சத்தங்களால்: திருப்பத்தில் ‘கடகட’ என்கிறது, பிரேக் பிடித்தால் ‘கிரீச்’ என்கிறது, குழியில் இறங்கினால் ‘டொக்’ என்கிறது. இதைத் தமிழில் சொல்லி, மெக்கானிக்கைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு அனுராதபுரச் சந்தி வரை ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினால் பாதி வேலை முடிந்தது. முகவரின் பணிமனையில் நாம் பேசுவது வரவேற்பு மேசையில் உள்ளவரிடம். அவர் அதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு வரியாகத் தட்டச்சு செய்வார். சாவியைத் திருகுபவர் படிப்பது அந்த ஒரு வரியை. நம்முடைய ‘டொக்’ அந்த வரியில் ஏறுவதில்லை.

ஆனால் உள்ளூர் அறிவு முற்றிலும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. அது உற்பத்தியாளரின் மீள அழைப்பு, அதாவது குறைபாடுள்ள கார்களைத் திருத்துவதற்காக நிறுவனமே திருப்பி அழைப்பது. தகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளுக்குள் இருந்த வெடிப்பொருள், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல ஆண்டு கிடந்தால் சிதைந்து, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கக்கூடியது என்று தெரியவந்தது. வரலாற்றின் மிகப் பெரிய வாகன மீள அழைப்பு அதுவே. நிறுவனம் 2017இல் திவாலானது. வெப்பமும் ஈரப்பதமும் என்றால் அது நம்மூரின் வரைவிலக்கணம். ஜப்பானிய நிறுவனங்கள் தம் இணையத்தளங்களில் செசி இலக்கத்தை இட்டு, நம் காரில் இப்படி நிலுவை வேலை இருக்கிறதா என்று பார்க்க வழி வைத்திருக்கின்றன. ரீகண்டிஷன் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது செய்ய வேண்டும். நிலுவை இருந்தால் முகவரிடம் கேட்டுச் செய்விக்க வேண்டும். காற்றுப்பையைக் கராஜில் கழற்ற விடக்கூடாது. பாவித்த காற்றுப்பையை வாங்கிப் பூட்டவே கூடாது. இந்த வேலைக்காகக் கொழும்புக்குப் போவதை நான் வீண் பயணமாக எண்ணமாட்டேன்.

கணினிச் சோதனையும் ஓரளவு முகவர் பக்கமே சாய்கிறது. ஊர்க் கராஜ்களில் இப்போது நல்ல ஸ்கேனர்கள் இருக்கின்றன. பொதுவான கோளாறுகளை அவை ஒரு குறியீடாகக் காட்டிவிடும். சிக்கல் வருவது, விளக்கை அணைத்துவிட்டு ‘சரி’ என்று சொல்லும்போது. குறியீட்டை அழிப்பது நோயை மாற்றுவது ஆகாது. அழிக்குமுன் திரையைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டால், அதே குறியீடு திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். மூன்றாம் முறை வந்தால் முகவரின் சொந்தக் கருவியிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

செலவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கூலியும் பாகமும் முகவரிடம் கூடுதல், கராஜில் குறைவு. ஆனால் முகவர் தருவது அச்சிட்ட பற்றுச்சீட்டு. கராஜில் பல நேரம் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதிய கணக்கு. பிணக்கு வந்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போக நேர்ந்தால் அந்த அட்டைத் துண்டு நிற்காது. மீள்விற்பனையிலும் இந்த வித்தியாசம் தெரியும். மீற்றரைத் திருப்பி வைக்கும் கைகள் நாட்டில் நிறைய இருப்பதால், முகவரின் பதிவேட்டில் திகதியோடு ஏறிய கிலோமீற்றர் எண்ணிக்கைக்கு வாங்குபவர் மதிப்புக் கொடுக்கிறார். இரண்டு மூன்று ஆண்டில் விற்க நினைப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது முகவரின் பதிவில் காரின் பெயரை ஏற்றிவைப்பது வீண்செலவல்ல. வைத்து ஓட்டுபவர் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, திகதி, மீற்றர், ஊற்றிய ஒயில், மாற்றிய பாகம், கொடுத்த காசு ஆகியவற்றைத் தானே எழுதி, மெக்கானிக்கின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

கராஜைத் தெரிவு செய்வதில் ஓர் எச்சரிக்கை. முகவரின் பணிமனையில் ஒருவர் விலகினால் இன்னொருவர் வருவார், முறை மாறாது. கராஜின் திறமையோ பெரும்பாலும் ஒரே ஒருவரின் கையில் இருக்கிறது. அவர் கட்டாருக்குப் போய்விட்டால் பலகை அதேதான், கை வேறு. என் காரைப் பதினொரு ஆண்டு பார்த்தவர் அப்படித்தான் போனார். அதன் பிறகு மூன்று இடம் மாறினேன். இப்போது கண்டி வீதிப் பக்கம் ஒரு தம்பியிடம் நிற்கிறேன். முதல் நாளே அவர், “அண்ணன், இது எனக்குத் தெரியாது, இதை ஏஜென்டிட்டக் காட்டுங்கோ” என்று ஒரு வேலையைத் திருப்பித் தந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திருப்பித் தந்தது பிரேக்கின் மின்னணுப் பம்பைப் பற்றிய குறியீடு. பங்குனியில் மகளைக் கொழும்பில் கம்பஸ் விடுதியில் விட வேண்டியிருக்கிறது. அந்தப் பயணத்தோடு அதையும் காற்றுப்பையையும் காட்டுவதற்கு முற்பதிவு செய்துவிட்டேன். ஒயில் போன வாரமே இங்கே மாற்றியாயிற்று.